‘மேல’ என்ற ஒரு சொல்லும் பதினான்கு கோலும்

லிஃப்ட்காரர் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர் ஆனதற்குக் காரணம் அவருடைய சகலையின் முழங்கால்.

லிஃப்ட்காரர் மனைவி பிறந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் ஒரு அக்கா, நடுவில் இவர் மனைவி, கடைசியில் ஒரு தம்பி. அக்காவைக் கட்டியவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். சனிக்கிழமை காலையில் பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பெண் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் அப்படி ஓடியவருக்கு ஒரு நாள் படி இறங்கும்போது முழங்கால் மடக்கென்றது. வைத்தியர் இனி மைதானம் பக்கமே போகாதே என்றுவிட்டார். அவர் நேரே லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து, ஊதலைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்த ஆட்டமே தெரியாதே என்று இவர் சொல்லிப் பார்த்தார்.

“என்ன பெரிய ஆட்டம் சகலை. ஓரமா நின்னு கத்தணும். பந்து தானா உருளும்” என்றார் அவர்.

அந்தப் பேச்சை லிஃப்ட்காரர் அப்படியே நம்பினார். அதில்தான் வந்தது வினை.

இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். ஆள் குட்டை, தொப்பை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். ஆனால் எது நின்றுபோனாலும் ஏன் நின்றது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. வேலை முடிந்து லிஃப்ட் ஓட ஆரம்பித்த பிறகும், எப்படி ஓடியது என்று புரியாவிட்டால் மறுபடி நிறுத்திப் பார்ப்பார். முதலாளி இதற்காகவே அவரைத் திட்டுவார். எங்கே போனாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: கடைசியாக எந்த மாடியில் ஒழுங்காக நின்றது?

மூன்றாவது மாடியில் ஆள் மாட்டிக்கொண்டால் எல்லாரும் மூன்றாவது மாடிக் கதவைத்தான் போட்டு உடைப்பார்கள். இவர் அந்தக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு மாடியாக ஏறுவார். ஏழாவது மாடியில் ஏதாவது ஒரு கதவு விரல் நுழையும் அளவு சாத்தாமல் இருக்கும். அது சாத்தாதவரை லிஃப்ட் எங்கே இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும்.

இவ்வளவு தெரிந்தவர்தான் அந்தச் சனிக்கிழமை மூன்றாவது மாடிக் கதவைப் போட்டு உடைத்தார்.

குழுவில் கோல் காத்தவள் அவர் மச்சினன் மகள், மனைவியின் தம்பி பெண். பன்னிரண்டு வயது. பந்து அவளைத் தாண்டாது என்பதால் பிள்ளைகள் அவளுக்கு ‘செவுரு’ என்று பேர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. லிஃப்ட்காரர் பொறுப்பேற்ற பிறகு முதல் ஆட்டம் சமன். இரண்டாவதில் ஒரு கோலில் தோல்வி. எதிரே வந்தவர்கள் சாதாரணக் குழுக்கள், அதனால் குட்டு வெளிப்படவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு வந்த பிள்ளைகள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்தவர்கள். முதல் கால் மணி நேரத்தில் இரண்டு கோல். லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சகலை சொன்னது நினைவுக்கு வந்தது. கத்த ஆரம்பித்தார். கடைசி ஊதல் முழங்கியபோது கணக்கு பதினான்குக்குப் பூஜ்யம். எதிர்க் குழுவில் ஒருத்தி, செவுத்துல இவ்வளவு ஓட்டையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. போனது போகட்டும், அதைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்றார். ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார். உரித்துத் தின்ற சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு மருமகள் பக்கம் போய், பாவம் பிள்ளை அடிபட்டுப் போயிருக்கிறது என்ற பரிவில், குரலைத் தணித்துச் சொன்னார்.

“நீ அடுத்த வாரம் வெளிய உக்காரும்மா. கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கோ.”

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே கோல்காப்பாளர் கையுறை இரண்டும், துவைத்து, காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்று சொருகி. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. கோலில் யார் நிற்கிறீர்கள் என்று கேட்டார். பத்துப் பிள்ளைகளும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள். நெட்டை என்று ஒருத்தி, பின்னால் நின்று ஆடுபவள், எனக்கு வயிறு வலிக்கும் என்றாள். வலிக்கிறதா என்று கேட்டார். சனிக்கிழமை வலிக்கும் என்றாள். சகலை வேறு நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வாங்கிய கோல் ஒன்றுக்கு ஒரு சுற்று, பதினான்கு சுற்று ஓடவிட்டால்தான் புத்தி வரும் என்பது அவர் கட்சி. அதோடு இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். அவர் காலத்திலேயே, பேருந்து நடுவழியில் நின்றுபோய், ஒரு ஆட்டத்துக்கு இந்தக் குழு போகவில்லை. இன்னொரு தரம் ஆள் சேராமல் போனால் போட்டியிலிருந்தே பேரை அடித்துவிடுவார்கள். பதினோரு வருடம் அவர் கட்டிக் காத்தது மூன்றே வாரத்தில் கலையப் பார்த்தது.

வீட்டில் லிஃப்ட்காரர் மனைவி குழுவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோல் காப்பவள் போடும் ஒன்றாம் எண் சட்டையை மட்டும் மடிக்காமல் தனியே வைத்திருந்தாள். இவர் நடந்ததைச் சொல்லி, நல்லதுக்குத்தானே சொன்னேன், இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று கேட்டார்.

“நின்னுபோன லிஃப்டுல நீங்க ஒரு போர்டு மாட்டுவீங்கள்ல, ‘பழுது, பயன்படுத்த வேண்டாம்’னு. அதக் கொண்டுபோய் என் தம்பி பொண்ணு கழுத்துல மாட்டிட்டு வந்திருக்கீங்க. என்ன வந்ததுன்னு என்னையே கேக்குறீங்க.”

அவர் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே இருந்தார். தான் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதினான்கு கோல் எப்படி விழுந்தது? ஒரு கோல், இரண்டு கோல் விழும். பதினான்கு எங்கிருந்து வந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமலே ஆரஞ்சு கொடுத்து அனுப்பிவிட்டோமே என்று இருந்தது. ஒரு வீட்டு லிஃப்டை இப்படி விட்டுவிட்டு வந்திருந்தால் முதலாளி வேலையை விட்டே அனுப்பியிருப்பார், அதுவும் சரிதான் என்று நினைத்தார்.

மறுநாள் சாயங்காலம் மச்சினன் கடைக்குப் போனார். சாவி வெட்டும் கடை, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய அளவு. மச்சினன் இவரைப் பார்த்ததும் மகளைக் கூப்பிட்டுவிட்டு, எந்திரத்தை ஓடவிட்டு அதன் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டான். அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். பிடி கொடுக்கவே இல்லை.

லிஃப்ட்காரர் மன்னிப்பும் கேட்கவில்லை, தேறுதலும் சொல்லவில்லை. தன் கேள்வியைத்தான் கேட்டார்.

“கடைசியா எப்ப எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் அவளை இதுவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. எல்லாரும் பரவாயில்லை பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டாவது கோல் வரைக்கும்” என்றாள்.

“ரெண்டு வாங்கின பெறகுமா?”

“அது ரெண்டும் நல்ல கோல் மாமா. யாராலயும் புடிக்க முடியாது.”

வெட்டாத சாவிகள் ஒரு டப்பாவில் கிடந்தன. அவள் வெள்ளைச் சாவியில் பதினொன்றை எடுத்து நம் பிள்ளைகள் என்று அடுக்கினாள். மஞ்சள் சாவி பதினொன்று அவர்கள். பந்துக்கு ஒரு சின்னப் பூட்டு. ஒன்றாவது கோலிலிருந்து ஆரம்பித்தாள். யார் எங்கே நின்றாள், யார் யாருக்குத் தள்ளினாள், பந்து எந்தக் காலில் பட்டது, எல்லாம் அவளிடம் இருந்தது. சாவி வாங்க வந்த ஒரு ஆள் வந்த வேலையை மறந்து எட்டிப் பார்த்தார். ஏழாவது கோல் வந்ததும், இது என்னோடது, கால் இடுக்கில் போய்விட்டது என்று அவளே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஒன்று நெட்டையின் முட்டியில் பட்டுத் தானாக உள்ளே போனது. ஒன்று மூலையிலிருந்து வந்தது.

மற்றவற்றைப் பார்க்கப் பார்க்க லிஃப்ட்காரர் கல்லாமேல் குனிந்துகொண்டே போனார். ஒவ்வொரு தரமும் பூட்டு கோல் பக்கம் வரும்போது, பின்னால் இருக்க வேண்டிய நான்கு வெள்ளைச் சாவியையும் அவள் எடுத்து நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். கோலில் ஒற்றைச் சாவி மட்டும் கிடந்தது.

“இரு. இந்த நாலு பேரும் எங்க போறாங்க?”

“மேல.”

“ஏன் போறாங்க?”

“நீங்கதான மாமா சொன்னீங்க. மேல மேலன்னு கத்துனீங்க. எல்லாரும் போயிட்டாங்க. கோல்ல நிக்கிறவ போகக் கூடாது, அதனால நான் நின்னேன்.”

எந்திரம் நின்றது. மச்சினன் திரும்பிப் பார்த்தான்.

லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழிக்குள் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நிற்பார், இன்னொருவர் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார். குழிக்குள் இருந்து ‘மேல’ என்று கத்தினால், கேட்டவர் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். பெட்டியைத்தான் மேலே ஏற்றுவார். இருபத்தாறு வருடமாக லிஃப்ட்காரர் வாயில் அந்தச் சொல்லுக்கு அது ஒன்றே அர்த்தம். அன்று மைதானத்தில் அவர் ‘மேல’ என்றது, பந்தை மேலே தூக்கி அடி, ஆபத்திலிருந்து அனுப்பு என்று. பிள்ளைகள் காதில் விழுந்தது, நீ மேலே போ என்று. கோல் விழ விழ அவர் இன்னும் உரக்கக் கத்தினார். அவர் கத்தக் கத்த அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

“எத்தன கோல் இப்படி?” என்று கேட்டார்.

“ஒம்பது.”

அவருக்கு வெட்கம் வந்ததைவிட ஆச்சரியம்தான் பெரிதாக வந்தது. ஏழாவது மாடிக் கதவு தன் வாயிலேயே இருந்ததை யார் கண்டது? அந்த ஒன்பதையும் இன்னொரு தரம் வைத்துக் காட்டச் சொன்னார். அவளும் காட்டினாள். இந்தத் தரம் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கொண்டுவந்திருந்த கையுறைப் பையைக் கல்லாமேல் வைத்துவிட்டு, வா என்றும் சொல்லாமல், வராதே என்றும் சொல்லாமல் அவர் கிளம்பினார். கூப்பிடுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அவளும் வந்திருந்தாள், ஆனால் பை தோளிலேயே இருந்தது. லிஃப்ட்காரர் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் நெட்டை வாயைப் பிளந்தாள்.

“நாங்க தப்புன்னு நெனச்சோம். ஆனா நீங்க தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு ஓடிட்டோம்” என்றாள்.

சகலை நாற்காலியில் இருந்தபடி, அப்போ பதினான்கு சுற்று என்ன ஆனது என்று கேட்டார்.

“ரெண்டு கோலுக்கு யாரும் ஓட வேணாம் சகலை, அது அவங்க தெறம. மூணு, ஆட்டம்னா வர்றதுதான். ஒம்பது என்னுது” என்று லிஃப்ட்காரர் காலணிக் கயிற்றை இறுக்கினார்.

ஓடினார். நான்காவது சுற்றில் நடந்தார். ஆறாவதில் தொப்பையைக் கையில் தாங்கிக்கொண்டார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினார்கள். மூலையைக் குறுக்கே வெட்டினார் என்று சொல்லி ஒரு சுற்றைத் தள்ளுபடி செய்தார்கள். கடைசிச் சுற்று முடிந்து அவர் புல்லில் விழுந்தபோது, பந்தைத் தூக்கி அடிக்க என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். ‘தூக்கு’ என்று முடிவானது. அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது கோலில் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் கையுறை இருந்தது.

சனிக்கிழமை அவள் மைதானத்துக்கு வந்ததும் மாமாவின் பணிப்பையைத் திறந்து, சங்கிலி போட்ட அந்தப் ‘பழுது’ போர்டை எடுத்தாள். எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். ஆட்டம் முடிகிறவரை எடுக்கக் கூடாது என்றாள். அவர் ஓரத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். இரண்டு தரம் மறந்து வாயைத் திறந்தார். இரண்டு தரமும் கோலிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார். அவர் கத்தவேண்டிய இடத்தில் எல்லாம் ‘தூக்கு’ என்ற ஒரு சின்னக் குரல் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

தோற்றுத்தான் போனார்கள். நான்குக்கு ஒன்று.

எதிர்க் குழுவின் பயிற்சியாளர் கை குலுக்க வந்தவர் போர்டைப் படித்துவிட்டு, என்ன பழுது என்று மரியாதையாகக் கேட்டார். லிஃப்ட்காரர் தன் மருமகளைப் பார்த்தார், பேசலாமா என்று.

“வாய் சார். பாத்துக்கிட்டிருக்கோம்” என்றாள் அவள்.

பிள்ளைகள் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தரம் சளசளவென்று பேச்சு. அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் பைக்குள் கை விட்டாள். இருபத்திரண்டு சாவியும் ஒரு சின்னப் பூட்டும் புல்லில் கொட்டின. நெட்டையும் மற்றவர்களும் சுற்றி வந்து குனிந்தார்கள்.

“நாலு இருக்கு மாமா. முதல்லேர்ந்து வரீங்களா?”

லிஃப்ட்காரர் போர்டைக் கழற்ற மறந்து மண்டியிட்டு உட்கார்ந்தார்.