ஜமீன்தார் சாவுக்கு வந்த கூட்டம்

ஜமுனாமரத்தூரில் கல்யாண வீடியோ எடுப்பவள் பூவிழி. வேலை இல்லாத நாட்களில், காப்புரிமை முடிந்து எல்லோரும் மறந்துவிட்ட பழைய கதைகளைத் தேடிப்பிடித்துக் குறும்படம் எடுப்பாள். இம்முறை சிக்கியது ஒரு ஜமீன்தார் கதை. கடைசிக் காட்சியில் அவருடைய சாவுக்கு ஊரே திரண்டு அழ வேண்டும். ஆனால் அது புளி உலுக்கும் காலம். வீடு வீடாகப் போய்க் கதையைச் சொல்லிக் கெஞ்சியும் நடிக்க யாரும் வரவில்லை. கூட்டம் இல்லாமல் படத்தை முடிக்க முடியாது.

ஜமீன்தாராக நடித்த சித்தப்பா வீரனைப் பாடையில் கிடத்தி, சாவு மேளம் அடிக்க வைத்தாள். அந்தச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டது போட்டபடி கிளம்பி வருவது மலையில் வழக்கம். பக்கத்து ஊர்ச் சனமும் வந்துவிட்டது. பூவிழி மரத்தின் பின்னால் நின்று படம் எடுத்தாள்.

வீரனின் மச்சினன் மணிவேல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். "மாமா, என் கெடாவத் திருடித் துன்னது நீதான்னு தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது. "டேய், துன்னது உன் தம்பிடா!"

சனம் அலறிக்கொண்டு ஓடியது. ஓடாமல் நின்ற மணிவேல், கேமராவைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "இன்னா பூவு இது? கதையில ஜமீன்தாரு சாவணும்னு தானே சொன்ன?"

"இனிமே பொழச்சிக்கிறாரு மாமா," என்றாள் பூவிழி. "எழுதனவரு வந்து கேக்கவா போறாரு?"