குரீனாவும் கரை ஒதுங்கிய பூதமும்

நோர்வேயின் வடகரைத் தீவொன்றில் குரீனா என்றொருத்தி இருந்தாள். அப்பா இறந்தபின் அவர் படகை விற்காமல், தானே துடுப்பு வலித்துக் காட் மீன் பிடித்தவள். பெண்ணுக்கு எதற்குக் கடல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளுடைய உரத்த சிரிப்புதான் பதில்.

பக்கத்து வீட்டு எல்லிங், வாய்ச்சவடால்காரன். க்ராக்கன் என்னும் கடல்பூதம் தீவு மாதிரி எழும்பித் தன்னைத் துரத்தியது என்பான். சொல்லும்போதெல்லாம் பூதத்துக்குக் கை கூடிக்கொண்டே போகும். குரீனா கேலி செய்வாள். கதை முடியாமல் எழுந்து போகமாட்டாள்.

ஒரு குளிர்காலத்தில் இரைக்கு உதவும் ஹெர்ரிங் மீனும் கணவாயும் வரவே இல்லை. தூண்டிலில் குத்த இரையில்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. புயலடித்து ஓய்ந்த காலையில் எல்லிங் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஓடுங்க! க்ராக்கன் கரையேறிடுச்சு!"

ஊரே மேட்டில் ஏறியது. குரீனா மட்டும் கொக்கிக் கழியோடு இறங்கினாள். பாறையிடுக்கில் படகைவிட நீளமாய், செக்கச்செவேலென்று ஒன்று கிடந்தது. தட்டு அகலக் கண். கழியால் குத்திப் பார்த்தாள், அசையவில்லை. தொங்கிய கையொன்றைத் தூக்கிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ் எல்லிங்! உன் பூதம் செத்துப்போச்சு. வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போ!"

"கிட்டப் போகாத! அது நடிக்குது!"

"எட்டு கை, ரெண்டு நெட்டைக் கை, கிளிமூக்கு வாய். நாம தூண்டில்ல குத்துற கணவாதான்யா இது! என்னத்தத் தின்னு வளந்துச்சோ!"

"அப்ப என்னைத் துரத்தினது?"

"இதோட ஆத்தாவா இருக்கும். போய்க் கோடாலி எடுத்துட்டு வா."

அதன் சதையில் மனிதர் வாயில் வைக்க முடியாத நவச்சார நெடி. மீனுக்கு அதெல்லாம் தெரியுமா? துண்டு போட்டு வீட்டுக்கு வீடு இரையாகக் கொடுத்தாள். அன்றே எல்லாப் படகுகளும் கடலில் இறங்கின. தூண்டிலை இறக்கிய கை ஓயுமுன் காட் மீன் கவ்வியது. குரீனாவின் படகில் மீனை இழுத்து இழுத்துத் தோள் கழன்ற எல்லிங் மெல்லக் கேட்டான்:

"இந்தப் படகுல எனக்கு நிரந்தரமா ஒரு இடம் கிடைக்குமா?"

"இப்ப உக்காந்திருக்கியே, அது யாரு இடமாம்?"

வசந்தத்தில் கல்யாணம். புளித்த பாலேட்டுக் கஞ்சியும் பிடிலுமாகத் தீவு அமர்க்களப்பட்டது. கடலுக்குப் போட்டுப்போகும் தோல் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், விடியும்வரை ஆடித் தீர்த்தாள் குரீனா.