மேட்ச் அவனுக்கு, மருந்து எனக்கு

கள்ளக்குறிச்சியில் மூட்டை தூக்குகிறேன். என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. இங்கே கால்பந்துக்கு மலிவாக சீசன் டிக்கெட் போட்டார்கள். அதைக் காட்டினால் சில கடைகளில் விலை குறையும். மருந்துக் கடையும் அதில் ஒன்று. நானும் மைத்துனனும் சேர்ந்து ஒரு டிக்கெட் வாங்கினோம். மேட்ச் அவனுக்கு, மருந்து எனக்கு என்று பேச்சு.

ஒரு ஞாயிறு மதியம் அவளுக்கு இழுப்பு வந்தது. உறிஞ்சுகிற மருந்து காலி. பக்கத்து வீட்டு அக்காவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். கடை வாசலில்தான் டிக்கெட்டோடு மைத்துனன் மேட்ச் பார்க்கப் போயிருப்பது நினைவு வந்தது. கையில் இருந்த பணம் முழு விலைக்குப் போதாது. ஒன்றும் பேசாமல் மைதானத்துக்கு ஓடினேன்.

"டிக்கெட் இல்லாம வுட மாட்டோம்."

"டிக்கெட்டு உள்ளதான் இருக்குது, மச்சான்கிட்ட."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று காவலாள் சிரித்தார். கையோடு கொண்டுவந்திருந்த காலி மருந்துக் குப்பியை நீட்டினேன். உடனே வழி விட்டார். கூட்டத்தில் மைத்துனனைத் தேடிப் பிடிப்பதற்குள் என் உயிர் போய்விட்டது.

கடைக்காரர் டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல வந்து நின்னுட்டு சொல்லாமயே ஓடுனீங்களே! சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே. மீதிய நாளைக்கு வாங்கிக்க மாட்டனா?"

வீட்டில் அவள் உதடு கறுத்திருந்தது. மருந்து உள்ளே போய் மூச்சு வந்ததும் கேட்டாள்: "இன்னாய்யா, மேட்ச் பாத்துட்டு வரியா?"

இப்போது வீட்டில் ஒரு மருந்து கூடுதலாக இருக்கிறது. டிக்கெட் மைத்துனனிடமே இருக்கட்டும். பணம் குறைந்தால் நான் கடையில் வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.