அவசரம் என்ற ஊர் இல்லை

கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்ற பகுதியிலுள்ள ஊர்களுக்கு ஜீப் வரவழைக்க ஓர் இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். எதையாவது அமுக்கிவிட்டு, "வேலை செய்யலீங்க" என்பவர்களோடு மல்லுக்கட்டியே எனக்கு அலுத்துப்போயிருந்தது.

ஒரு மதியம் அங்குள்ள நர்ஸ் போன் செய்தார். "ஏனுங்க, ஒரு பொண்ணு பிரசவ வலியில துடிக்குதுங்க. அவசர பட்டனை அமுக்குனா, 'அவசரம் என்ற ஊர் இல்லை'ன்னு வருதுங்க."

"ஒழுங்காப் பாத்து அமுக்குங்க" என்றேன். மூன்றாம் முறை அழைத்தபோது கத்தியேவிட்டேன். அவர் வைத்துவிட்டார்.

பிறகுதான் நிரலைத் திறந்தேன். பட்டனை அமுக்கியதும் வருகிற இணைய முகவரி எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதை அது மேலிருந்து வரிவரியாகப் பார்க்கும். முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். எந்தச் சொல் வந்தாலும் ஊர்ப்பெயராக ஏற்கும் வரியை மேலே வைத்து, அவசரத்துக்கானதை அதன்கீழே எழுதியிருந்தேன். அதனால் 'அவசரம்' என்பதையும் ஊர்ப்பெயராகவே எடுத்துக்கொண்டது. வரிகளை இடம் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உடனே அழைத்தேன், நர்ஸ் எடுக்கவில்லை. சாயங்காலம்தான் எடுத்தார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்த லாரியை மறித்து, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"தப்பு என்னோடதுங்க" என்றேன்.

"சரி பண்ணிட்டீங்கல்ல? அடுத்தாப்புல இன்னொரு பொண்ணுக்கு நாள் நெருங்கிருச்சுங்க."

இப்போதும் புகார் வந்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் பதில் சொல்வதற்கு முன், நானே ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிடுகிறேன்.