நாவலின் ஓரத்தில் இரண்டு கையெழுத்துகள்

என் மனைவியின் வேலையைப் பறித்தவன் நான்தான். அவளுக்கிருந்த ஒரே தோழியை அவளிடமிருந்து பிரித்தவனும் நான்தான். இது அவளுக்குத் தெரியாது... அல்லது தெரியுமா? அந்தச் சந்தேகமும் என்னை விட்டபாடில்லை.

கேளுங்கள். தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் எழுத்தர். என் மனைவி கிரேஸ் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தாள். காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ் ஏறுவாள். மாலையில் அங்கேயே இறங்குவாள். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் பத்துக் கேள்வி கேட்பேன். அதற்கு அக்கறை என்று நானே பெயர் வைத்திருந்தேன்!

எங்கள் சபையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படிப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசுவோம். அந்த மாதம் ஒரு சீன நாவலின் தமிழாக்கம். ஓர் ஏழைக் குடியானவன், அவனுடைய நிலம், அவனோடு வயலில் உழைத்துத் தேய்ந்த மனைவி. கையில் நாலு காசு சேர்ந்ததும் அவன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். மனைவி வாயே திறப்பதில்லை.

கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எல்லோர் கண்ணிலும் அந்த நிலம்தான் பட்டது. தோல் கழிவு ஓடிப் பாழான பாலாற்றங்கரைக் கழனிகளைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "பொம்பளன்னா இவதான். ஒரு வார்த்த எதிர்த்துப் பேசுனாளா பாருங்க!" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

காபி கொண்டுவந்த கிரேஸ், "பேசியிருந்தா இன்னா ஆயிருக்கும் சார்?" என்று கேட்டாள். அன்று மாலையே புத்தகத்தைப் படிக்க எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் புத்தகம் எங்கே என்றேன். "சரோஜா படிச்சினு இருக்கா, குடுத்துடுவா" என்றாள். சரோஜா மாதனூர்க்காரி; கணவனை இழந்தவள்; பஸ்ஸில் கிரேஸுக்குப் பக்கத்து இருக்கை. கிரேஸ் சொன்னதை நான் நம்பினேனா? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய சாப்பாட்டுப் பையைத் துழாவினேன். ஆம், துழாவினேன்... அது என் வழக்கம்தான். புத்தகம் அதற்குள் இருந்தது!

ஏன் பொய் சொன்னாள்? பக்கங்களைப் புரட்டினேன். இன்னொருத்தி வீட்டுக்குள் வரும் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், கிரேஸின் கையெழுத்து: "இவளுக்குப் போக இடம் இல்லை. எனக்கு மட்டும் எங்கே இருக்கிறது?" அதற்குக் கீழே வெள்ளி நிற மையில் கனத்த எழுத்து: "நான் இருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வா."

வெள்ளி நிற மை... தோலில் கோடு போடும் சில்வர் பேனா அது. தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் அதை வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கட்டிங் பிரிவில் இருப்பவர்களோ ஆண்கள். அவ்வளவுதான்! என் மனம் ஒருவனை உண்டாக்கி, அவனுக்கு மீசையும் வைத்துவிட்டது. சரோஜா என்பதெல்லாம் சாக்கு என்று முடிவு கட்டினேன்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கவில்லை. புத்தகத்தை இருந்தபடியே வைத்தேன். மறுநாள் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, இடது கையால் கம்பெனிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். தையல் பிரிவு கிரேஸ், கட்டிங் பிரிவு ஆள் ஒருவனுக்காக வீட்டை விட்டுப் போகத் திட்டமிடுகிறாள் என்று. தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது... அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரமே அவளைக் கூப்பிட்டுக் கடிதத்தில் இருந்ததைச் சொல்லி, "இந்த பேஜாரெல்லாம் கம்பெனிக்கு வேணாம்மா" என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் சுவரில் சாய்ந்து அழுதாள். "ஏதோ கோவத்துல, வீட்ட விட்டுப் போயிடலாம்னு சரோஜாகிட்ட மட்டுந்தாங்க சொன்னேன். அவதான் இல்லாததயும் சேர்த்து எழுதிட்டா. என்ன மன்னிச்சுடுங்க" என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்! எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வெட்கக்கேடு... அப்படியும் ஒரு நிம்மதி.

இரண்டு நாளில், மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள் சரோஜா. கிரேஸ் அவளைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் நான் மட்டும்.

"அண்ணே, சத்தியமா நான் எழுதலண்ணே. நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க" என்று கைகூப்பினாள். அந்த விரல்களில் வெள்ளிக் கறை!

"இது இன்னா கறை?" என்றேன்.

"சில்வர் பேனாண்ணே. தைக்கிறதுக்கு முன்னாடி நாங்கதான கோடு போடுவோம்... ஏண்ணே?"

மீசைக்காரன் எவனும் இல்லை. என் சந்தேகம் தாங்காமல் என் மனைவி ஒரு புகலிடம் தேடியிருக்கிறாள்; ஒரு பெண் அதைத் தருகிறேன் என்றிருக்கிறாள். புத்தகத்தை ஒளித்தது வேறு யாரிடமிருந்தும் அல்ல, என்னிடமிருந்துதான். "சொல்றேம்மா" என்றேன். சொல்லவில்லை. சரோஜா ஏன் அப்படி என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்? புரிந்துகொண்டாளோ?

அதன்பின் கிரேஸ் வேலைக்குப் போகவில்லை. எந்தப் பெண்ணோடும் நெருங்கிப் பழகவில்லை. வருடங்கள் ஓடின.

போன வாரம் சரோஜா மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மேலே கிரேஸ் பெயர் மட்டும். கிரேஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தன வருஷம் கழிச்சும் கூப்பிடுறாளேங்க... ஒருவேள அவ எழுதலியோ?" என்று என் முகத்தைப் பார்த்தாள். கேட்டாளா? சோதித்தாளா?

"அவளத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று பத்திரிகையை நாலாகக் கிழித்தாள்.

கல்யாணம் நாளை மறுநாள். இந்த நிமிடம் வரை நான் வாய் திறக்கவில்லை.