வல்லக்கோட்டை தாண்டி ஒரு பார்மசி காலேஜ்: ‘பெற்ற’ என்று நான் படித்தது

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பேக்கிங் லைனில் நாலு வருஷமாக நிற்கிறேன். டிசம்பரோடு கான்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். எங்கள் படப்பையில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், டி.பார்ம் முடித்து வந்தால் வேலை தருகிறேன் என்றார். ப்ளஸ் டூவில் பயாலஜி படித்ததற்கு இப்போதாவது ஒரு உபயோகம் வரட்டும் என்று நினைத்தேன். அந்தச் சமயம் பார்த்து சர்ச் வாசலில் ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. வல்லக்கோட்டை பக்கம் புது பார்மசி காலேஜ். போன சனிக்கிழமை வீக் ஆஃப். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பைலில் போட்டுக்கொண்டு, சேர்ந்துவிட்டுத்தான் திரும்புவது என்று கிளம்பினேன். அதே நோட்டீஸ் உங்கள் வீட்டிலும் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

காலை 8.40க்கு படப்பையில் ஷேர் ஆட்டோ. ஒரகடம் கூட்ரோடு வரை பத்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். அங்கே இருபத்தைந்து நிமிஷம் வெயிலில் நின்றபின் பஸ் வந்தது, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். வல்லக்கோட்டையில் இறங்கும்போது 9.50. முருகன் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் ஆட்டோ பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளே மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை.

“காலேஜா? மண்டபம்னு சொல்லும்மா. ரெண்டு வருசம் முன்னாடிகூட அங்க ஒரு கல்யாணத்துக்கு சவாரி போனேன்,” என்றார்.

கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் மேடை மேல் லேப் மேஜைகள், கீழே வகுப்பு. பிரின்சிபால் அறைக் கதவில் ‘மணமகள் அறை’ என்ற எழுத்தை அரைகுறையாகச் சுரண்டியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. புது காலேஜ், போகப் போகச் சரியாகும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆபீஸ் அம்மா, சார் பதினோரு மணிக்கு வருவார், ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால் பீரோவில் பத்திரமாக இருக்கும் என்றார். பைலைத் திறந்து ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பெஞ்சில் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாலாஜாபாத்காரி, பெயர் சுகன்யா. முதல் பேட்ச். டி.சி. கேட்டு வந்திருக்கிறாளாம், இது ஐந்தாவது சனிக்கிழமையாம்.

“ஒரிஜினல் குடுத்துட்டீங்களாக்கா?”

இன்னும் இல்லை என்றேன்.

“அந்த நோட்டீஸ எடுத்துப் பாருங்க. பெற்றனு போட்டுக்கீதா, பெறும்னு போட்டுக்கீதா?”

எடுத்துப் பார்த்தேன். ‘அரசு அங்கீகாரம் பெறும் கல்லூரி.’ வீட்டில் எத்தனை தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ‘பெற்ற’ என்றே படித்திருக்கிறேன். அச்சுப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. பெறுவார்களாம், என்றைக்காவது.

சுகன்யா குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னாள். ஒரு வருஷம் வகுப்பு நடந்திருக்கிறது, பரீட்சை நடக்கவில்லை. அங்கீகாரம் இல்லாமல் எழுத முடியாது. வேறு காலேஜுக்குப் போகலாம் என்றால் டி.சி. பீரோவில் இருக்கிறது. புது பேட்சில் இன்னும் ஆறு பேர் சேர்ந்தால்தான் அங்கீகார இன்ஸ்பெக்ஷனுக்கு எழுதிப் போடுவோம் என்கிறார்களாம். அப்படியென்றால் நான் சேர்ந்தால் உனக்கு நல்லதுதானே, ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“எனக்கு யாரும் சொல்லலக்கா,” என்றாள்.

ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வருகிறேன் என்று ஆபீஸில் பொய் சொல்லி வெளியே வந்தேன். அவளுடைய டி.சி.க்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பைலைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோ கிடைக்காது, வல்லக்கோட்டை வரை நாற்பது நிமிஷம் நடந்தேன்.

போகிறவர்களுக்கு: குடையும் தண்ணீரும் அவசியம். கிளம்புவதற்கு முன் பார்மசி கவுன்சில் வெப்சைட்டில் காலேஜ் பெயர், இந்த வருஷத்து அனுமதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போங்கள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். டிசம்பருக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் என் சர்டிபிகேட் என் வீட்டில் இருக்கிறது. சுகன்யாவுக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும்.