அத்தை கேட்ட வழி

மாப்பிள்ளை வீடு பார்க்க, கட்டிக்கொள்ளப் போகிறவளைத் தவிர மற்ற எல்லோரும் போகலாம் என்பது எங்கள் மீனவர் வழக்கம். அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், அத்தையை வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவும் சித்தப்பாவும் ஏழு வயதுப் பெண்ணான நானும் மாட்டுவண்டி ஏறினோம். மாப்பிள்ளையின் ஊர், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த தீவின் மறுபக்கத்தில் இருந்தது. கோடையில் ஏரி வற்றிப் படகு தரைதட்டும்; சேற்றில் வழி தெரிந்த வண்டிக்காரன்தான் கடக்க முடியும். அதனால் அக்கரையில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் மழைக்குப் பிறகுதான் பிறந்த வீடு வருவார்கள், அதுவும் புருஷன் அனுப்பினால்.

வண்டி தண்ணீரில் இறங்கியது. மேலேயும் வானம், சக்கரத்துக்குக் கீழேயும் வானம். தூரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த கரை, கிட்டப் போனதும் எழுந்து பறந்துவிட்டது. பூநாரைகள் என்று சித்தப்பா சொன்னார், நான் நம்பவில்லை. தீவில் ஏறியதும் மணலில் சக்கரச் சத்தமே அடங்கிப்போனது. நாவல் மரங்களுக்கடியில் புள்ளிமான்கள் நின்று எங்களைப் பார்த்தன. அப்புறம் இடி விழுந்த ஒரு மொட்டைப் பனை. அதற்கப்பால் ஒரு குடிசை வாசலில் பெண்கள் சாயம் தோய்த்த ஓலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். விரல்கள் அசைவதே தெரியாமல் பெட்டி வளர்ந்தது. ஒருத்தி என் கையில் ஓலைக் கிலுகிலுப்பை ஒன்றை வைத்தாள். அதை ஆட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். மாப்பிள்ளையின் முகம் எனக்கு நினைவே இல்லை.

திரும்பி வந்ததும் அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனாள்.

"இன்னாடி பாத்த? வண்டி ஏறனதுலேர்ந்து சொல்லு."

நான் ஆசையாக மான்களில் ஆரம்பித்தேன்.

"மான் எங்க நின்னுச்சி? மொட்டப் பனைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால, அத்த."

"அப்பால எந்தப் பக்கம் திரும்பனீங்க? தண்ணி எம்மா ஆழம்?"

எனக்குக் கோபம் வந்தது. சொர்க்கத்தையே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், இவள் வண்டிக்காரன் மாதிரி கேட்கிறாளே! மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கல்யாணம்வரை, விளக்கு வைக்கும் நேரமானால் அந்த வழியை மறுபடி சொல்லச் சொன்னாள்.

மழைக்குப் பிறகு கல்யாணம். ஏரி நிறைந்திருந்ததால் அத்தையைப் படகேற்றி, முகத்துவாரம் வழியாகக் கடலில் சுற்றி அழைத்துப்போனார்கள். அவள் அழுதாள். மானைப் பார்க்காமல் போகிறாளே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த கோடையில் ஒரு சாயங்காலம், அப்பா வலையை உலர்த்திக்கொண்டிருந்தபோது, ஏரிக்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். இடுப்பில் ஓலைப்பெட்டி, முழங்கால்வரை சேறு. கிட்ட வந்த பிறகுதான் அத்தை என்று தெரிந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

அப்பா வலையைப் போட்டுவிட்டு ஓடினார். "தனியாவா நடந்துகினு வந்த? வழி எப்டிமா தெரிஞ்சிது?"

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். எனக்குக் கேட்க வேண்டியது வேறு.

"மானப் பாத்தியா அத்த?"

"பாத்தேன்டி. நீ சொன்ன எடத்துலயே நிக்கிது."

எனக்கு ஒரே சந்தோஷம். அதைக் கேட்டு அப்பா ஏன் அழுதார் என்று மட்டும் புரியவில்லை.